பிரைமரின் 3′ முனை: பாலிமரேஸ் சங்கிலி வினையின் அடிப்படைகள்

முதுநிலை உயிரித் தொழில்நுட்பம் படிக்கும் மாணவர் ஒருவர் கேட்டிருப்பது இது. மென்பொருள் கொடுத்த பிரைமர் (டிஎன்ஏ படியெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு இழை) இணைகளில் முதலாவதைத் தேர்ந்து வாங்கி, பாலிமரேஸ் சங்கிலி வினையாகிய பிசிஆர் செய்திருக்கிறார். எதிர்பார்த்த அளவில் ஒரே பட்டை வருவதற்குப் பதிலாக துண்டுகளை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்லின் அடியில் மங்கலான ஒரு பட்டையும் மேலே தேவையற்ற இரு பட்டைகளும் வந்திருக்கின்றன. பிரைமர் வடிவமைப்பு விதிகள் ஏன் அப்படி வகுக்கப்பட்டன, அவற்றுள் எவற்றைத் தளர்த்தலாம், எவற்றைத் தளர்த்தவே கூடாது என்பது அவருடைய கேள்வி.

பாடநூல்கள் இந்த விதிகளை ஒரே எடையுள்ளவை போல அடுக்கித் தருகின்றன: நீளம் 18 முதல் 25 காரங்கள் (ஏ, டி, ஜி, சி என்ற டிஎன்ஏ எழுத்துகள்), ஜி மற்றும் சி சேர்ந்து 40 முதல் 60 விழுக்காடு, உருகு வெப்பநிலை (பிணைந்த இழைகளில் பாதி பிரியும் வெப்பநிலை) ஒத்திருக்க வேண்டும், தன்னோடு தானே இணையக் கூடாது. உண்மையில் அவை ஒரே எடையுள்ளவை அல்ல. பிரைமரின் எந்தப் பகுதியில் குறை இருக்கிறது என்பதைப் பொறுத்து, ஒரே குறை ஓரிடத்தில் பொருட்படுத்தத் தேவையற்றதாகவும் வேறோரிடத்தில் வினையையே கெடுப்பதாகவும் ஆகிறது. இதைப் புரிந்துகொள்ள, பாலிமரேஸ் நொதியால் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

டிஎன்ஏ பாலிமரேஸ் ஒற்றை இழை ஒன்றை வார்ப்பாகக் கொண்டு அதற்கு எதிரிழையைக் கட்டும். ஆனால், டிஎன்ஏவின் அலகான நியூக்ளியோடைடுகளில் முதலாவதைத் தானே வைத்துத் தொடங்க அதனால் முடியாது. வார்ப்பு இழையோடு ஏற்கெனவே இணைந்திருக்கும் ஒரு சிறு இழை வேண்டும். இழையின் இரு முனைகளும் 5′, 3′ எனப்படும்; அந்தச் சிறு இழையின் 3′ முனையில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதியோடுதான் அடுத்த நியூக்ளியோடைடை அது பிணைக்கும். இந்தச் சிறு இழையே பிரைமர். நீட்சி எப்போதும் 3′ முனையிலேயே நிகழ்கிறது. 5′ முனையில் எதுவும் சேர்வதில்லை. ஆகவே பிரைமரின் இரு முனைகளும் சமமானவை அல்ல. 5′ பக்கம் வார்ப்பைப் பற்றிக்கொள்ள உதவுகிறது. வினை தொடங்குமா இல்லையா என்பதை 3′ பக்கம் முடிவு செய்கிறது. மேலே சொன்ன எல்லா விதிகளையும் இந்த ஒரு வேறுபாட்டின் வழியாகப் படித்தால் அவற்றின் பொருள் விளங்கும்.

எதிரெதிர் இழைகளில், ஒன்றையொன்று நோக்கிய 3′ முனைகளோடு இரு பிரைமர்களை வைத்து, சூடாக்கிப் பிரிப்பதும் குளிர்வித்து இணைப்பதும் நீட்டுவதுமாகத் திரும்பத் திரும்பச் செய்தால் அவற்றுக்கு இடைப்பட்ட பகுதி அடுக்கடுக்காகப் பெருகும் என்பதே பிசிஆரின் அடிப்படை. இரு பிரைமர்களைக் கொண்டு டிஎன்ஏவைப் படியெடுக்கும் எண்ணம் ஹர் கோவிந்த் குரானாவின் ஆய்வுக் குழு 1971இல் வெளியிட்ட கட்டுரையிலேயே காணப்படுகிறது. அதைச் சுழற்சி முறையாக வளர்த்தெடுத்தவர் கலிபோர்னியாவின் சீட்டஸ் நிறுவனத்தில் பணியாற்றிய கேரி மல்லிஸ், ஆண்டு 1983. இதற்காக 1993இல் வேதியியல் நோபல் பரிசை மைக்கேல் ஸ்மித்துடன் அவர் பகிர்ந்துகொண்டார். தொடக்கத்தில் ஈ. கோலை பாக்டீரியாவின் பாலிமரேஸிலிருந்து பெறப்பட்ட கிளினோ துண்டே பயன்பட்டது. 95 டிகிரி செல்சியஸில் அது செயலிழந்துவிடும் என்பதால் ஒவ்வொரு சுழற்சியிலும் புதிய நொதியைச் சேர்க்க வேண்டியிருந்தது. அது 37 டிகிரியில் இயங்கியதால், பிரைமர்கள் பொருந்தாத இடங்களிலும் தங்கி நீட்சி பெற்றன. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளிலிருந்து தாமஸ் புரோக்கும் ஹட்சன் ஃபிரீஸும் கண்டறிந்த தெர்மஸ் அக்வாட்டிகஸ் பாக்டீரியாவின் டாக் பாலிமரேஸ் 1988இல் இந்த முறைக்குள் வந்தது. நொதியை ஒரே முறை சேர்த்தால் போதும் என்ற வசதியைவிட, பிரைமர்களை உயர்ந்த வெப்பநிலையில் இணைத்து நீட்ட முடிந்ததே பெரிய ஆதாயம் என்பேன்; வினையின் தேர்வுத்திறன் அங்கிருந்துதான் உயர்ந்தது.

சுழற்சியின் மூன்று படிகளும் எளியவை. 94 அல்லது 95 டிகிரியில் ஈரிழைகள் பிரிகின்றன. 50 முதல் 65 டிகிரிக்குள் பிரைமர்கள் இணைகின்றன. 72 டிகிரியில் நொதி நீட்டுகிறது, ஆயிரம் காரங்களுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் என்பது டாக் நொதிக்கான வழக்கமான கணக்கு. பலர் கவனிக்காதது முதல் சில சுழற்சிகளில் நடப்பதைத்தான். முதல் சுழற்சியில் பிரைமரிலிருந்து தொடங்கும் இழை எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு எந்த எல்லையும் இல்லாததால் நேரம் இருக்கும்வரை நீள்கிறது. இரண்டாம் சுழற்சியில் அந்த நீண்ட இழையின் மீது எதிர்ப் பிரைமர் அமர்ந்து, முதல் பிரைமரின் 5′ முனை வரை மட்டுமே படியெடுக்கிறது. இரு புறமும் சரியாக அளவெடுத்த ஈரிழைத் துண்டு மூன்றாம் சுழற்சியில்தான் முதன்முதலாகத் தோன்றுகிறது. அதன்பின் அதுவே பெரும்பான்மையாகிறது. ஒரே ஒரு மூலக்கூறிலிருந்து தொடங்கினால், 30 சுழற்சிகளில் கோட்பாட்டளவில் 107 கோடிப் படிகள் கிடைக்கும். இதில் ஒரு பெரிய விளைவு அடங்கியிருக்கிறது. பிரைமர் தவறான இடத்தில் ஒருமுறை நீட்சி பெற்றுவிட்டால், பிரைமரின் முழு வரிசையும் அந்தப் புதிய துண்டின் பகுதியாகிவிடுகிறது. அடுத்த சுழற்சியிலிருந்து அந்தத் தவறான துண்டும் முழுப் பொருத்தமுள்ள வார்ப்பாகிவிடும். முதல் சுழற்சிகளில் நேர்ந்த பிழையைப் பிந்தைய சுழற்சிகள் திருத்துவதில்லை, பெருக்கவே செய்கின்றன.

இனி உண்மையான ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். பிசிஆர் குறித்து 1985இல் வெளியான முதல் ஆய்வுக் கட்டுரை மனித பீட்டா குளோபின் மரபணுவைப் பற்றியது. அரிவாள் செல் இரத்தசோகையைக் கண்டறிவதே அதன் நோக்கம். இந்தியாவில் இந்த மரபணுக் குறை முதன்முதலாக 1952இல் நீலகிரிப் பழங்குடி மக்களிடையே லேமன், கட்புஷ் ஆகியோரால் அறிவிக்கப்பட்டது என்பதால், தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இது தொலைதூர எடுத்துக்காட்டும் அன்று. அந்தக் கட்டுரையில் பயன்பட்ட பிரைமர்களின் பெயர்கள் பிசி03, பிசி04. இரண்டும் 20 காரங்கள் கொண்டவை. 5′ முனையிலிருந்து எழுதினால் அவை வருமாறு.

பிசி03: ஏசிஏசி ஏஏசிடி ஜிடிஜிடி டிசிஏசி டிஏஜிசி

பிசி04: சிஏஏசி டிடிசிஏ டிசிசிஏ சிஜிடிடி சிஏசிசி

இவை சேர்ந்து பெருக்கும் துண்டின் நீளம் 110 கார இணைகள். முதலில் பிசி04ஐக் கவனியுங்கள். மரபணுவின் குறியீட்டு இழையை வழக்கம்போல 5′ முனையிலிருந்து படித்துக்கொண்டு போனால், இந்தத் துண்டின் கடைசி 20 காரங்கள் "ஜிஜிடிஜி ஏஏசிஜி டிஜிஜிஏ டிஜிஏஏ ஜிடிடிஜி" என்று இருக்கும். பிற்பக்கப் பிரைமரான பிசி04ஐ இதே வரிசையில் வாங்கினால் அது முற்பக்கப் பிரைமரான பிசி03 நோக்கும் திசையையே நோக்கும். அடுக்குப் பெருக்கம் நிகழாது. ஒவ்வொரு காரத்துக்கும் எதிர்க்காரத்தை மட்டும் எழுதி, வரிசையைத் திருப்பாமல் விட்டால் அது எங்குமே இணையாது. எதிர்க்காரங்களை எழுதிப் பின் வரிசையையும் திருப்பினால்தான் பிசி04 கிடைக்கும். பிரைமரை மென்பொருளின்றிக் கையால் எழுதும் மாணவர்களிடம் மிகுதியாகக் காணப்படும் பிழை இதுதான். வரிசையைத் தாளில் எழுதி ஒருமுறை நீங்களே செய்து பார்த்துவிட்டால் இந்தக் குழப்பம் பிறகு வராது.

நீளம் ஏன் 20? ஒவ்வோர் இடத்திலும் நான்கு காரங்களுள் ஒன்று வரலாம் என்பதால், 16 காரங்கள் கொண்ட வரிசைகள் மொத்தம் 429 கோடி உண்டு. மனித மரபுத்தொகுதி ஏறத்தாழ 310 கோடி இணைகள். இரு இழைகளையும் சேர்த்தால் பிரைமர் அமரக்கூடிய இடங்கள் 620 கோடி. ஆகவே 16 காரப் பிரைமர் தற்செயலாகவே ஓரிரு இடங்களில் முழுமையாகப் பொருந்திவிடும். 18 காரங்களில் வரிசைகளின் எண்ணிக்கை 6,872 கோடியாகவும், 20 காரங்களில் 1,09,951 கோடியாகவும் உயர்கிறது. இந்தக் கணக்கு மரபுத்தொகுதியைத் தற்செயல் எழுத்துக்கோவையாகக் கருதிச் செய்தது என்பதை மறக்கக் கூடாது. உண்மையில் அதில் அலு போன்ற மீள்வரிசைகள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட படிகளாகப் பரவிக் கிடக்கின்றன. ஒரே மூலத்திலிருந்து கிளைத்த மரபணுக் குடும்பங்களும், செயலிழந்த போலி மரபணுக்களும் இருக்கின்றன. அங்கே நீளம் மட்டும் காப்பாற்றாது. மறுபுறம், 30ஐத் தாண்டி நீட்டுவதால் தேர்வுத்திறன் கூடும் என்று நினைப்பதும் சரியன்று. நீண்ட பிரைமர் ஓரிரு பொருந்தாமைகளைத் தாங்கிக்கொண்டும் இணைந்துவிடும்.

பீட்டா குளோபினுக்கு மிக நெருங்கிய உறவு டெல்டா குளோபின் மரபணு. பிசி04 அமரும் 20 காரங்களை டெல்டா மரபணுவின் அதே பகுதியோடு ஒப்பிட்டால் இரண்டே இடங்களில்தான் வேறுபாடு உள்ளது. ஒன்று பிரைமரின் 5′ பாதியில் வருகிறது. அது மட்டுமே இருந்தால், பிரைமர் டெல்டா மரபணுவிலும் தயங்காமல் அமர்ந்து நீட்சி பெறும். மற்றது 3′ முனையின் கடைசிக் காரத்திலேயே வருகிறது: பீட்டாவில் பிரைமரின் சிக்கு எதிரே ஜி இருக்கிறது, டெல்டாவில் அதே இடத்தில் ஏ இருக்கிறது. கடைசிக் காரம் பொருந்தாதபோது நொதிக்கு நீட்சியைத் தொடங்கும் பிடிமானம் எளிதில் கிடைப்பதில்லை. உறவுடைய மரபணுக்களைப் பிரித்தறிய வேண்டிய எந்த வடிவமைப்பிலும் நான் முதலில் செய்யச் சொல்வது இதையே: உறவு வரிசைகளையெல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, வேறுபடும் காரம் பிரைமரின் 3′ முனையில் வந்து விழும்படி இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

இதே பண்பை நோயறிதலிலும் வேண்டுமென்றே பயன்படுத்துகிறார்கள். கடைசிக் காரம் இயல்பான மரபணுவுக்குப் பொருந்தும் பிரைமர் ஒன்றும், திடீர்மாற்றம் பெற்ற மரபணுவுக்குப் பொருந்தும் பிரைமர் ஒன்றுமாக இரு குழாய்களில் வினையை நடத்தினால், எந்தக் குழாயில் பட்டை வருகிறது என்பதே விடையாகும். இது டாக் நொதியில் நன்றாக நடக்கும். 3′ முனையிலிருந்து பின்னோக்கிப் பிழைதிருத்தும் ஆற்றல் அதற்கு இல்லை. பைரோகாக்கஸ் ஃபியூரியோசஸ் நுண்ணுயிரியிலிருந்து பெறப்படும் பிஎஃப்யு போன்ற பிழைதிருத்தும் நொதியை இதே வினையில் போட்டால், பொருந்தாத கடைசிக் காரத்தை அது வெட்டி நீக்கிவிட்டு நீட்டிவிடும். இரு குழாய்களிலும் பட்டை வந்து, சோதனை பொருளற்றதாகிவிடும்.

இப்போது உருகு வெப்பநிலை. பிசி03இல் ஜி, சி சேர்ந்து ஒன்பது. அதாவது 45 விழுக்காடு. பிசி04இல் பத்து, 50 விழுக்காடு. ஏ, டி ஒவ்வொன்றுக்கும் 2 டிகிரி, ஜி, சி ஒவ்வொன்றுக்கும் 4 டிகிரி என்ற பழைய எளிய விதிப்படி பிசி03க்கு 58, பிசி04க்கு 60 டிகிரி வருகிறது. நீளத்தையும் கணக்கில் கொள்ளும் மற்றொரு சூத்திரம் இருக்கிறது: ஜி, சி ஆகியவற்றின் எண்ணிக்கையிலிருந்து 16.4ஐக் கழித்து, 41ஆல் பெருக்கி, பிரைமரின் நீளத்தால் வகுத்து, 64.9ஐக் கூட்ட வேண்டும். அதன்படி இவற்றுக்கு 49.7, 51.8 என்று கிடைக்கிறது. ஒரே பிரைமருக்கு எட்டு டிகிரி வேறுபாடு! எது சரி என்று கேட்பதில் பயனில்லை, இரண்டுமே தோராயங்கள். உருகு வெப்பநிலை பிரைமரின் வரிசையை மட்டும் சார்ந்ததன்று. கரைசலின் உப்புச் செறிவையும் பிரைமரின் செறிவையும் சார்ந்தது. அடுத்தடுத்துள்ள காரங்களின் அடுக்கு ஆற்றலைக் கூட்டிக் கணக்கிடும் அண்டை இணை முறையே இன்றைய மென்பொருள்கள் பயன்படுத்துவது. நம்பத் தக்கதும் அதுவே. நடைமுறையில் கவனிக்க வேண்டியவை இரண்டு. இணையின் இரு பிரைமர்களுக்கும் ஒரே முறையால் கணக்கிட்டு, வேறுபாடு இரண்டு மூன்று டிகிரிக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். இங்கே எந்தச் சூத்திரத்தை எடுத்தாலும் வேறுபாடு இரண்டு டிகிரியைச் சுற்றியே இருக்கிறது. அடுத்ததாக, கிடைத்த எண்ணைத் தொடக்கப் புள்ளியாக மட்டும் கொண்டு, அதற்கு ஐந்து டிகிரி கீழிருந்து சில டிகிரி மேல் வரை, வெப்பநிலைப் படிநிலை வசதியுள்ள கருவியில் ஒரே ஓட்டத்தில் சோதித்துப் பாருங்கள். அந்த ஓர் ஓட்டம் எத்தனையோ ஊகங்களை மிச்சப்படுத்தும்.

3′ முனையில் ஒரு ஜியோ சியோ இருப்பது நல்லது என்பார்கள். மூன்று ஹைட்ரஜன் பிணைப்புகள் முனையை வார்ப்போடு இறுகப் பிடித்துக்கொள்ளும் என்பதே காரணம். பிசி03, பிசி04 இரண்டும் சியில் முடிகின்றன. ஆனால் கடைசி ஐந்து காரங்களில் மூன்றுக்கு மேல் ஜி, சி இருந்தால் அதே இறுக்கம் தீமையாக மாறும். 5′ பகுதி பொருந்தாத இடங்களிலும் அந்த முனை மட்டும் ஒட்டிக்கொண்டு நீட்சியைத் தொடங்கிவிடும். இவ்விரு பிரைமர்களிலும் அந்த எண்ணிக்கை சரியாக மூன்று.

தன்னிணைவைப் பற்றிய விதிக்கு வருவோம். இங்கேதான் மென்பொருளின் மதிப்பெண்ணை அப்படியே நம்புவதற்கும் வரிசையைக் கண்ணால் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு தெரியும். பிசி03இன் முதல் ஐந்து காரங்கள் ஏசிஏசிஏ. எட்டாவதிலிருந்து பன்னிரண்டாவது வரையுள்ளவை டிஜிடிஜிடி. இவை ஒன்றுக்கொன்று முழு எதிரிணைகள். ஆகவே இந்தப் பிரைமர் தன்மேலேயே மடங்கி நான்கு இணைகள் கொண்ட ஒரு கொண்டையூசி வடிவத்தைப் பெற முடியும். இரு பிரைமர்கள் எதிரெதிராக வந்தால் முதல் 12 காரங்களில் பத்து ஒன்றோடொன்று இணைய முடியும். இன்றைய மென்பொருள் பலவும் இதைக் கண்டால் மதிப்பெண்ணைக் குறைத்துப் பட்டியலின் கீழே தள்ளிவிடும். ஆயினும் வரலாற்றின் முதல் பிசிஆர் கட்டுரையில் இதே பிரைமர்தான் வேலை செய்தது. 20 சுழற்சிகளில் ஏறத்தாழ 2,20,000 மடங்கு பெருக்கம் கிடைத்தது. ஒவ்வொரு சுழற்சியிலும் 85 விழுக்காடு திறன் என்பது அதன் பொருள். காரணம், இந்தத் தன்னிணைவு முழுவதும் 5′ பக்கம் நிகழ்கிறது. இரு பிரைமர்களும் அவ்வாறு ஒட்டிக்கொண்டாலும், அவற்றின் கடைசி எட்டுக் காரங்கள் எதனோடும் இணையாமல் வெளியே நீண்டு நிற்கின்றன. இணையாத 3′ முனையை நொதி நீட்டாது. சூடேறும்போது அந்தப் பிணைப்பு கலைந்துவிடும். இழப்பு மிகக் குறைவு.

மாறாக, கடைசி மூன்று நான்கு காரங்கள் இன்னொரு பிரைமரில் எங்காவது எதிரிணையைக் கண்டுவிட்டால் நிலைமை வேறு. நொதி அங்கேயே நீட்டிவிடும். பிரைமர் இருமம் எனப்படும் அந்தக் குட்டித் துண்டின் இரு முனைகளிலும் பிரைமர் வரிசைகள் இருப்பதால் அது சுழற்சிதோறும் இரட்டிக்கும். பிசி03 ஏஜிசியில் முடிகிறது. அதற்கு எதிரிணையான ஜிசிடி இரு பிரைமர்களிலும் எங்கும் இல்லை. பிசி04 ஏசிசியில் முடிகிறது. அதற்கு வேண்டிய ஜிஜிடியும் எங்கும் இல்லை. அந்த வகையில் இது தூய்மையான இணை. பட்டியலில் முதலாவதாக வந்த இணையின் மொத்த மதிப்பெண் சிறப்பாக இருந்து, 3′ முனைகளில் நான்கு கார எதிரிணை ஒன்று மறைந்திருக்கவும் கூடும். உங்கள் ஜெல்லில் அடியில் தெரிந்த மங்கலான பட்டைக்கு முதலில் ஐயுற வேண்டியது அதைத்தான்.

பிரைமர் இருமங்கள் ஏன் இவ்வளவு எளிதாக உருவாகின்றன என்பதை எண்களில் பார்த்தால் வியப்பு நீங்கும். 25 மைக்ரோலிட்டர் வினையில் 0.2 மைக்ரோமோலார் செறிவில் ஒரு பிரைமர் இருந்தால் அது 5 பிகோமோல், ஏறத்தாழ மூன்று லட்சம் கோடி மூலக்கூறுகள். அதே குழாயில் 50 நானோகிராம் மனித டிஎன்ஏ இருந்தால், இலக்கு வரிசையின் படிகள் சுமார் 15,000 மட்டுமே. ஓர் இலக்குக்கு 20 கோடிப் பிரைமர்கள். பிரைமர் தன் இலக்கைச் சந்திப்பதைவிட இன்னொரு பிரைமரைச் சந்திக்கும் வாய்ப்பு எத்தனையோ மடங்கு அதிகம். பிரைமரின் செறிவை 0.5லிருந்து 0.2 மைக்ரோமோலாருக்குக் குறைப்பது பல நேரங்களில் போதுமான மருந்தாவது இதனால்தான். டாக் நொதி அறை வெப்பநிலையிலும் ஓரளவு செயல்படும் என்பதால், கலவை மேசையில் காத்திருக்கும் நேரத்திலேயே தவறான நீட்சிகள் தொடங்கிவிடுகின்றன. எதிர்ப்பொருளாலோ வேதி மாற்றத்தாலோ அடக்கப்பட்டு, 95 டிகிரியைக் கண்ட பிறகே விழித்தெழும் வெப்பத் தொடக்க நொதிகள் இதைத் தடுக்கின்றன. செலவு சற்றுக் கூடினாலும், நோயறிதல் வேலையில் அவற்றைத் தவிர்ப்பதற்கு நான் எந்தக் காரணத்தையும் ஏற்கமாட்டேன்.

5′ பக்கத்தின் சுதந்திரத்தை நன்மைக்கும் பயன்படுத்தலாம். பெருக்கிய துண்டை பாக்டீரியாவின் வட்ட டிஎன்ஏவாகிய பிளாஸ்மிடுக்குள் செருக வேண்டுமானால், ஈகோஆர்1 நொதி வெட்டும் ஜிஏஏடிடிசி வரிசையையும், முனைக்கு மிக அருகில் நொதி சரியாக வெட்டாது என்பதால் அதற்கு முன்னால் சில கூடுதல் காரங்களையும் 5′ முனையில் சேர்க்கலாம். முதல் சுழற்சிகளில் இந்த வால் வார்ப்போடு இணையாது, பாதகமில்லை. ஆனால் உருகு வெப்பநிலையைக் கணக்கிடும்போது இணையும் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். வாலையும் சேர்த்துக் கணக்கிட்டு உயர்ந்த வெப்பநிலையில் தொடங்கினால் வினை நடக்காது.

மனித மரபணுக்களில் இன்னும் ஒரு சோதனை தேவை. பிரைமர் அமரும் இடத்தில், மக்களிடையே இயல்பாகக் காணப்படும் ஒற்றைக் கார வேறுபாடு எதுவும் உள்ளதா என்று தரவுத்தளத்தில் பார்க்க வேண்டும். 3′ முனையில் அப்படி ஒன்று இருந்து, ஒருவருடைய இரு மரபணுப் படிகளில் ஒன்று மட்டும் பிரைமருக்குப் பொருந்தாமல் போனால், அந்தப் படி பெருகாது. மற்றதன் விடை மட்டுமே தெரியும். நோய்க்கூறைத் தாங்கியிருப்பவர் இயல்பானவராகவோ, இரு படிகளிலும் குறையுள்ளவராகவோ தோன்றிவிடுவார். திருமணத்துக்கு முன்னரும் கருவுற்ற காலத்திலும் செய்யப்படும் சோதனைகளில் இது ஒரு குடும்பத்தின் முடிவையே மாற்றக்கூடிய பிழை. அமெரிக்காவின் என்சிபிஐ மரபணுத் தரவுத் தளத்தின் பிரைமர்-பிளாஸ்ட் கருவி, பிரைமர்களை முழு மரபுத்தொகுதியோடும் ஒப்பிட்டுத் தேவையற்ற துண்டுகளை முன்கூட்டியே காட்டும். பிரைமர்3 என்ற வடிவமைப்பு மென்பொருளை மட்டும் பயன்படுத்தினால் இந்த ஒப்பீட்டைத் தனியே செய்தாக வேண்டும். அது தருவது இணையின் இயற்பண்புகளை வைத்துச் செய்த மதிப்பீடு.

பெருக்கிய பிறகு விடையைப் படிப்பதும் வடிவமைப்பின் ஒரு பகுதியே. 110 இணைத் துண்டுக்குள் அரிவாள் செல் மாற்றம் நிகழும் இடம் இருக்கிறது: தொடக்க மெத்தியோனினைச் சேர்க்காத பழைய எண்முறையில் ஆறாவது கோடான் (ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்று காரங்கள்) ஜிஏஜி என்பது ஜிடிஜி ஆகி, குளுட்டாமிக் அமிலத்தின் இடத்தில் வேலின் வருகிறது. இயல்பான வரிசையில் அங்கே சிடிஜிஏஜி என்ற தொடர் உள்ளது; அதை டிடிஇ-1 என்ற ரெஸ்ட்ரிக்‌ஷன் நொதி வெட்டும். மாற்றம் பெற்றதில் அது சிடிஜிடிஜி ஆவதால் வெட்டாது. வெட்டப்பட்ட துண்டுகள் ஏறத்தாழ 55 இணைகள் கொண்ட இரண்டாகும். அளவில் நெருங்கியிருப்பதால் ஜெல்லில் ஒன்றாகவே ஓடும். இயல்பானவரிடம் 55க்கு அருகே மட்டும், நோயுள்ளவரிடம் 110இல் மட்டும், தாங்கியிடம் இரண்டு இடங்களிலும் பட்டை தெரியும். இத்துணைச் சிறிய துண்டுகளைப் பிரைமர் இருமத்திலிருந்து பிரித்தறிவது கடினம் என்பதால், இன்று நானாக இருந்தால் இதே சோதனைக்குப் பிரைமர்களைத் தள்ளி வைத்து 300 இணைகளுக்கு மேற்பட்ட துண்டைப் பெருக்கி, வெட்டும் இடம் நடுவில் வராதபடி அமைப்பேன்.

வினைக் கலவையில் விளக்க வேண்டியது நொதி இயங்கத் தேவையான மக்னீசியம் ஒன்றுதான். நான்கு நியூக்ளியோடைடுகளும் தலா 200 மைக்ரோமோலார் என்றால் மொத்தம் 0.8 மில்லிமோலார், அவை ஏறத்தாழ அதே அளவு மக்னீசியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 1.5 மில்லிமோலார் சேர்த்திருந்தால் நொதிக்கு மிஞ்சுவது 0.7 மட்டுமே. டிஎன்ஏவைக் கரைத்த கரைசலில் மக்னீசியத்தைப் பற்றிக்கொள்ளும் ஈடிடிஏ மிகுந்திருந்தால் அதுவும் குறையும். மக்னீசியம் மிகுந்தால் பொருந்தாத இணைவுகளும் நிலைத்து, தேவையற்ற பட்டைகள் கூடும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் கலந்த குழாயில் எடுத்த இரத்தம் வினையைத் தடுக்கும் என்பதையும் மாதிரி சேகரிக்கும்போதே நினைவில் கொள்ள வேண்டும்.

உங்கள் ஜெல்லுக்கு வருகிறேன். முதலில், டிஎன்ஏ சேர்க்காத கட்டுப்பாட்டுக் குழாயைப் பாருங்கள். அதை ஓட்டவில்லை என்றால் அடுத்த முறை கட்டாயம் ஓட்டுங்கள். அடியிலுள்ள பட்டை அதிலும் வந்தால் அது பிரைமர் இருமம். மேலுள்ள பட்டைகளும் அதில் வந்தால் உங்கள் நீரிலோ பிரைமரிலோ வேறு டிஎன்ஏ கலந்திருக்கிறது. பழைய பிசிஆர் விளைபொருள்களைத் திறக்கும் இடத்தில் புதிய வினையைக் கலப்பதால் பெரும்பாலும் இது நேர்கிறது. டிஎன்ஏ உள்ள குழாயில் மட்டும் அவை வந்தால், பிரைமர் வேறிடங்களில் இணைகிறது என்று பொருள். இணைப்பு வெப்பநிலையை இரண்டிரண்டு டிகிரியாக உயர்த்துங்கள். பிரைமரையும் மக்னீசியத்தையும் குறைத்துப் பாருங்கள். வெப்பத் தொடக்க நொதிக்கு மாறுங்கள். உயர்த்தும்போது தேவையற்ற பட்டைகளோடு தேவையான பட்டையும் சேர்ந்தே மறைந்தால் இந்தப் பிரைமரோடு போராடுவதை நிறுத்திவிடுங்கள். புதிய பிரைமரின் விலை வீணாகும் நொதியின் விலையைவிடக் குறைவு. பெரும்பாலும் இரண்டையும் மாற்ற வேண்டியிருக்காது. எந்தப் பிரைமரின் 3′ முனை மீள்வரிசையில் விழுகிறது என்று பார்த்து அதை மட்டும் நாலைந்து காரங்கள் நகர்த்தினாலே பல நேரங்களில் போதும். புதியது வந்ததும், உலர்நிலையில் உள்ளதைத் திறக்கும் முன் குழாயைச் சுழற்றி அடியில் சேர்த்து, உறையில் குறித்துள்ள நானோமோல் எண்ணைப் பத்தால் பெருக்கி, அத்தனை மைக்ரோலிட்டர் டிஈ (டிரிஸ்-ஈடிடிஏ) தாங்கல் கரைசலில் கரைத்தால் 100 மைக்ரோமோலார் இருப்புக் கரைசல் கிடைக்கும். அதிலிருந்து 10 மைக்ரோமோலார் வேலைக் கரைசல்களைச் சிறு சிறு குழாய்களில் பிரித்து உறைநிலையில் வையுங்கள்; 25 மைக்ரோலிட்டர் வினைக்கு அதில் அரை மைக்ரோலிட்டர் போதும்.